அந்த ஒரு வரி

இந்த வாரமும் அந்த இடம் வந்ததும் செபமாலையம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

பரலோக மந்திரத்தில், எங்களுக்குக் கெடுதல் செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறோம் என்று ஆண்டவரிடம் சொல்கிற ஒரு வரி உண்டு. அதுவரை எல்லோரோடும் சேர்ந்து கணீரென்று சொல்லி வந்தவள், அதை மட்டும் விட்டுவிட்டு அடுத்த வரியில் சேர்ந்துகொண்டாள்.

ஆன்மேரி கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனைக்கரையில் ஏலக்காட்டுத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தின் செபக்கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. புதன்கிழமைதோறும் சாயங்காலம் முறைவைத்து ஒவ்வொரு வீட்டில் கூடுவார்கள். செபமாலையம்மாள் அந்த வரியை விடுவது இது நான்காவது வாரம். தற்செயல் என்று இனி நினைக்க முடியாது.

காரணம் ஊருக்கே தெரியும்.

போன வருஷம் ஈஸ்டர் லீவு முடிந்து, கோடை மழை பெய்த ஒரு காலையில், குமுளிக்குப் போன ஜீப் வளைவில் கவிழ்ந்தது. செபமாலையம்மாளின் ஒரே மகள் ஜோமோள் அதில் இறந்துபோனாள். நர்சிங் கடைசி வருஷம். துணிப்பையும் புத்தகமுமாகக் கிளம்பியவள் இருட்டுவதற்கு முன்னால் வெள்ளைத் துணியில் திரும்பி வந்தாள்.

ஜீப்பை ஓட்டியவன் அதே லயத்து ஜிஜோ. ஒரு கையில் போன் வைத்திருந்தான் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். கேஸ் நடக்கிறது. ஜாமீனில் வந்தவன், முகம் காட்ட முடியாமல் எங்கோ வெளியூரில் இருக்கிறான்.

அவன் அம்மா பிரகாசியம்மாள் மட்டும் லயத்திலேயே இருந்தாள். காட்டு வேலைக்குப் போவாள், வந்து கதவைச் சாத்திக்கொள்வாள். கோயில் பக்கமே வரவில்லை. இந்த வருஷம் தவக்காலத்தில்தான் ஒரு புதன்கிழமை மெல்ல வந்து கதவோரமாக உட்கார்ந்தாள்.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்துதான் செபமாலையம்மாளின் வாய் அந்த வரியில் மூட ஆரம்பித்தது.

அதுவரை சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். மகளைப் புதைத்த மூன்றாம் நாள்கூட, குரல் உடைந்து உடைந்து, அந்த வரியை விடாமல் சொன்னாள். இப்படி ஒரு விசுவாசமா என்று அன்றைக்கு ஆன்மேரி தேம்பி அழுதாள். அந்த மனுஷி எங்கே போனாள் என்றுதான் இப்போது ஆத்திரமாக வந்தது.

இன்னொன்றையும் அவளால் தாங்க முடியவில்லை. பிரகாசியம்மாளை ஒட்டி யாரும் உட்காருவதில்லை. செபமாலையம்மாள் மட்டும் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்காருவாள். உட்கார்ந்துகொண்டு அந்த வரியில் வாயை மூடுவாள். கன்னத்தில் அறைந்தால்கூட அந்த அம்மாவுக்கு இவ்வளவு வலிக்காது என்று ஆன்மேரி நினைத்தாள்.

ஃபாதரிடம் சொன்னாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள், கொஞ்சம் பொறுங்கள் என்றார் அவர். ஆன்மேரிக்கு மனசு ஆறவில்லை.

அடுத்த புதன்கிழமை செபமாலையம்மாள் வீட்டு முறை. ஜோமோள் இறந்து ஒரு வருஷம் நிறைகிற நாளும் அதுதான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஆன்மேரி அவள் வீட்டுக்குப் போனாள். தரை கழுவி ஈரம் காயவில்லை. ஜோமோளின் படத்துக்குப் புதுக் கண்ணாடி போட்டிருந்தது. செபமாலையம்மாள் ஜன்னல் சீலையைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஆன்மேரி எதையெதையோ பேசினாள். கடைசியில், இந்த வாரக் கூட்டத்தை வேறு வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

செபமாலையம்மாளின் கை கொடியிலேயே நின்றது.

"அன்னைக்கு எம்புள்ளைக்கு வருச நினைவு, ஆன்மேரி."

"தெரியும்க்கா. ஆனா மன்னிக்காத வீட்டுல உக்காந்து எப்படிக்கா செபம் சொல்றது? அந்த வரி வந்தா நீங்க வாயை மூடிக்கிறது எல்லாருக்கும் தெரியுது. அதுவும் அந்தம்மா பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு."

செபமாலையம்மாள் கோபப்படவில்லை. சரி, வேறு வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். மீதிச் சீலையையும் உதறிப் போட்டுவிட்டு உள்ளே வந்து, படத்துக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

அப்படியே விட்டுவிட்டுப் போக ஆன்மேரியால் முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஒரு வரி ஏன் சொல்ல வரவில்லை என்று தணிந்த குரலில் கேட்டாள்.

"சொல்றேன் தாயி. தெனமும் சொல்றேன். சில நாளு தொண்டையில சிக்கிக்கிரும். ஆண்டவரே, நீரே சொல்ல வையும்னு கேப்பேன். சொல்ல வச்சிருவாரு."

"பெறகு எதுக்குக்கா வாயை மூடுறீங்க?"

"பிரகாசியக்கா வந்த மொத நாளு சத்தமாத்தான் சொன்னேன். சொல்லி முடிக்கல, அந்தக்கா முந்தானைய வாயில அமுக்கிக்கிட்டு அப்படியே கூனிப் போயி நடுங்குது. நான் ஆண்டவர்ட்டதான் சொன்னேன். ஆனா, ஒம்மவன் எம்புள்ளையக் கொன்னுட்டான்னு அத்தனை பேரு முன்னாலயும் நான் சொன்ன மாதிரில்ல அதுக்கு இருந்திருக்கு."

ஆன்மேரி தரையைப் பார்த்தாள்.

"மனசுக்குள்ள சொன்னாலும் ஆண்டவருக்குக் கேக்கும் தாயி. வாய்விட்டுச் சொன்னா, அந்தக்காவுக்கும்ல கேட்டுருது."