சேஃப்டி வால்வின் தலையில் ஒரு கிளாம்ப்

கிளாம்பின் திருகு அசைய மறுத்தது.

கம்ப்ரசருக்கும் சுவருக்கும் நடுவே ஒண்டிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி திருகினேன். உள்ளங்கை எரிந்தது. கண்ணெதிரே பிரஷர் மீட்டரின் முள் ஏறிக்கொண்டே இருந்தது.

மெஷினுக்கு அந்தப் பக்கம் அத்தான் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார்.

“ரொம்ப சிம்பிள் சார். பிஸ்டன் பின்னால போகும், கேஸ் உள்ள வரும். வந்த வழி மூடிக்கும். பிஸ்டன் முன்னால வரும், கேஸ் நசுங்கி அடுத்த வழியா வெளிய போகும். அவ்ளோதான்!”

ஏதோ அவரே கண்டுபிடித்த மாதிரி.

ஹெட் ஆபீஸிலிருந்து வந்தவர்கள் தலையாட்டினார்கள். இன்றைக்கு இவர்கள் மனது வைத்தால் அத்தான் பிளான்ட் மேனேஜர். அதற்குத்தான் புதுச் சட்டை, கழுத்தை நெரிக்கும் டை. அக்காவையும் இழுத்து வந்திருந்தார். கைதட்ட ஒரு ஆளாவது வேண்டுமே!

இத்தனைக்கும் காரணம் அவள் கேட்ட கேள்விதான். தூணில் சாய்ந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முதல் பெஞ்சு மாணவி மாதிரி கேட்டாள்.

“ஏங்க, வெளிய போற வழிய மூடிட்டா என்னாகும்?”

தெரியாதா இவளுக்கு? கல்யாணமானதிலிருந்து சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கிய பாடமாயிற்றே. புருஷனுக்குத் தாளம் போடுகிறாள்.

“மூடியே காட்டறேன்!” என்று அத்தான் வெளிவழியை இறுக்கி மூடிவிட்டார்.

மின்விசிறியின் எதிரே பலகையை வைத்து அடைத்தால் அது சும்மா சுற்றிக்கொண்டு கிடக்கும். இது அந்த ஜாதியில்லை. உள்ளே இழுத்ததை வெளியே தள்ளியே தீரும். போக இடமிருக்கிறதா என்று பிஸ்டன் எட்டிப் பார்க்காது. நடுவிலிருக்கும் தொட்டி நிரம்பி, முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும், சேஃப்டி வால்வு திறந்து மிச்சத்தைக் கூரைக்கு மேலே ஊதித் தள்ள வேண்டும். திறக்காவிட்டால் எது பலவீனமோ அது பிய்த்துக்கொண்டு பறக்கும்.

அந்த அறையில் இருந்ததிலேயே பலவீனமானவை மண்டைகள்தான். ஒன்று டை கட்டியிருந்தது.

வால்வு திறக்காது. எனக்குத் தெரியும். சில நாட்களாக அது லேசாகச் சீறிக்கொண்டிருந்தது. பெரிய மனிதர்கள் வரும்போது சீறினால் மானம் போய்விடுமாம். காலையில் அந்த மேதை அதன் தலையில் ஒரு கிளாம்பைப் போட்டு முறுக்கினார். “கண்டுக்காத மாப்ள, அவங்க போனதும் எடுத்துடலாம்.”

எடுப்பதாவது! பேச ஆரம்பித்தால் அவருக்குத் தன் பெயரே மறந்துபோகும்.

நான் கத்தியிருக்கலாம். கத்தினால் அத்தனை பேர் முன்னால் அக்கா தலைகுனிய வேண்டும். அந்த ஒரே காரணத்துக்காகத்தான் எலி மாதிரி பின்பக்கம் நுழைந்தேன். அந்த ஆளுக்காக இல்லை.

“இப்ப பாருங்க சார், எப்படிக் கத்தப் போகுதுன்னு!” அத்தானின் குரல் இப்போது வாசல் பக்கத்திலிருந்து வந்தது.

திருகு கிறீச்சிட்டது. கால் சுற்று. அரைச் சுற்று. முள்ளுக்கும் சிவப்புக் கோட்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை.

கிளாம்ப் கழன்று கையில் விழுந்தது.

அடுத்த கணம் வால்வு திறந்தது. கூரை கிழிவதுபோல் ஒரு சத்தம். ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார், மற்றவர்கள் கைதட்டினார்கள். அத்தான் ஓடி வந்து வெளிவழியைத் திறந்துவிட்டு, மேடையில் நிற்பவர் மாதிரி தலைகுனிந்து வணங்கினார்.

“பிரமாதம்! மேனேஜர்னா இப்படி இருக்கணும்” என்றார் வந்தவர்களில் தொப்பை பெருத்த ஒருவர். அவருக்கும் ஒன்றும் தெரியாது.

கும்பல் காபி குடிக்கப் போனது. நான் கிளாம்பைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அக்கா மட்டும் அதே தூணில் சாய்ந்து நின்றாள்.

“குடுடா அத. வீட்டுல சாப்பாட்டு மேஜைக் கால ஒட்டிப் புடிச்சிருந்த கிளாம்ப் அது. காலைலேருந்து காணோம்.”

சட்டைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினேன். “பாத்துட்டியா?”

“உள்ள நுழைஞ்சதுமே.”

தூணைவிட்டு நகர்ந்தாள். இவ்வளவு நேரம் அவள் கைகள் இருந்த இடத்தில், மெஷினை நிறுத்தும் சிவப்பு பட்டன்.

“அப்புறம் ஏன்க்கா கேட்ட?”

“மாட்டினவரே நிறுத்தறாரான்னு பாக்கத்தான். முள்ளு கோட்டத் தொட்டா நானே அமுக்கிடலாம்னு நின்னேன். நடுவுல பெரிய வீரன் மாதிரி புகுந்து அவர மேனேஜராக்கிட்டியே, பைத்தியக்காரா.”

“அவரு மறந்துட்டாருக்கா…”

அக்கா கிளாம்பைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“ஞாபகம் வந்துச்சுடா. முள்ளப் பாத்தாரு, மூஞ்சி வெளிறிப் போச்சு. பேச்ச நிறுத்தாமயே நைசா வாசலுக்கு நகர்ந்தாரு.”

ஜிப்பை இழுத்து மூடினாள்.

“என்னக் கூப்பிடல.”