வாசலில் எரிந்த தீ

செண்பகவடிவு இறந்து ஐந்து நாள் ஆகிவிட்டது. அவளை எரிக்க இன்றைக்குத்தான் அரசாங்கத்தின் தீ அனுமதி வந்தது. ஒரே ஒரு தீ, மாலை மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள் மூட்டிவிட வேண்டும். பிள்ளை இல்லாததால் கணவன் பலவேசமே வீட்டு வாசலில் கொள்ளிச்சட்டியைப் பற்றவைத்து, அதை ஏந்திக்கொண்டு பாடைக்கு முன்னால் நடந்து வந்தான்.

சுடுகாட்டுக் காவலாளி மாசானம், தீ அனுமதிகளைக் காட்டும் தன் கைக்கருவியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

“சட்டிய எங்க வச்சுப் பத்த வச்சிய, தம்பி?”

“வீட்டு வாசல்லதான். வேற எங்க வைப்பாவ?”

“போச்சு. மொதத் தீ எங்க எரியுதோ அந்த எடத்துக்குத்தான் அனுமதி பதியும். சட்டிக் கங்குன்னா விட்டிரும், ஆனா இனி இங்க தீக்குச்சி உரசினாக்கூட மேல பறக்குற மிசினு தண்ணியக் கொட்டி அணைச்சிரும். புதுசா எழுதிப் போட்டா இருவது நாளாவும்.”

“இருவது நாளா? ஐஸ்பெட்டியிலயே அவ தாங்கல, அண்ணாச்சி. மொகத்தப் பாருங்க.”

மாசானம் பார்க்கவில்லை.

பலவேசம் சட்டிக்குள் குனிந்து பார்த்தான். வறட்டி இன்னும் கனன்றுகொண்டிருந்தது.

“அப்ப எங்க வாசல்ல அஞ்சு மணிக்குள்ள மூட்டிட்டா எரிக்கலாம்லா?”

“எரிக்கலாம். ஆனா வெளிய எடுத்த பொணத்தத் திரும்ப வீட்டுக்குக் கொண்டு போவக் கூடாதுய்யா. எந்தக் காலத்துலயும் யாரும் செஞ்சதில்ல.”

மணி நாலு பத்து. வீட்டிலிருந்து நடந்து வரவே அரைமணி நேரம் ஆகியிருந்தது.

“அடுக்குன வெறக எடுத்து, அது வந்த வண்டியிலயே போடுங்க” என்றான் பலவேசம். பிறகு பாடை தூக்கி வந்த நான்கு பேரையும் பார்த்துக் கேட்டான்.

“இவளத் தூக்கிட்டு ஓட முடியுமா?”