போர்முனைக்கு வழியனுப்பிய மனு

பாயில் செண்பகவல்லி, பெஞ்சில் அவள் மாமியார், மனு எழுத நான் வாசற்படியில். கணவன் பேச்சிமுத்து உள்ளறை நாற்காலியில், தலைக்கவசம் மாட்டி, எல்லையில் பறக்கும் ஆளில்லாப் போர் விமானத்தை வீட்டிலிருந்தே ஓட்டிக்கொண்டிருந்தான்.

வீட்டைப் பிரிந்த வீரர் குடும்பத்துக்கே நிவாரண அரிசி என்று முந்தைய மனுவை அரசு தள்ளிவிட்டது.

"சம்பளம் சண்டை முடிஞ்சுதானாம். அதுவரைக்கும் பிள்ளைகளுக்கு எதைப் பொங்கிப் போட?" என்றாள் செண்பகவல்லி.

"அவனை ஆட்டுக் கொட்டகைக்கு அனுப்பு," என்றார் மாமியார்.

"அப்ப ஆடு, அத்தை?"

"அது வீட்டுக்குள்ள இருக்கட்டும்."

நாற்காலியோடு தூக்கினோம்.

"மெதுவா! விமானம் சாயுது!" என்று அலறினான் பேச்சிமுத்து.

கொட்டகையில் இறக்கி வைத்தபின் செண்பகவல்லியிடம் கேட்டேன்: "வழியனுப்பும்போது அழுதியாம்மா? உள்ளதைத்தான் எழுதுவேன்."

"அழுதேன் அண்ணாச்சி. நாற்காலியைக் கால்மேல வச்சுட்டீங்களே!"

'போர்முனை சென்ற கணவரைக் கண்ணீருடன் வழியனுப்பினேன்' என்று முடித்து, உறையை ஒட்டி, தபாலில் சேர்த்தேன்.