பதினேழாவது கேள்வி

“என்ன சிஸ்டர் இது? போன தடவை எல்லாத்துக்கும் அஞ்சு போட்டிருந்தீங்க. இப்போ ஒண்ணும் ரெண்டுமா போட்டு வச்சிருக்கீங்களே!”

பிரவீனா படிவத்தைத் திருப்பிக் காட்டினாள். ஒரகடத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றின் வார்டு பொறுப்பு நர்ஸ் செந்தாமரை, பேனாவை மூடினாள்.

பிரவீனா நர்சிங் கல்லூரி ஆசிரியை. பொறுப்பு நர்ஸ்கள் தங்களுக்குத் தாங்களே ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க் போட்டுக்கொள்ள முப்பது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைத் தயாரித்திருந்தாள். இரண்டு வருட உழைப்பு. அது நம்பத்தக்கதா என்று சோதிக்க, அதே ஆட்களிடம் பதினைந்து நாள் கழித்து மறுபடியும் கொடுக்க வேண்டும். இரண்டு தடவையும் பதில்கள் ஒத்துப்போனால்தான் ஆராய்ச்சி தேறும். பத்துப் பேரில் ஒன்பது பேர் சமர்த்தாக ஒத்துப்போய்விட்டார்கள். கரை சேரும் நேரத்தில் இந்த அம்மாள் கவிழ்த்துவிடுவாள் போலிருந்தது.

“பதினேழாவது கேள்வியைப் பாருங்க. ‘உடம்பு சரியில்லாத நர்ஸுக்கு விடுப்பு மறுக்க மாட்டேன்.’ அன்னைக்கு அஞ்சு. இன்னைக்குக் கட்டத்துக்கு வெளியே சைபர் போட்டிருக்கீங்க. ஒண்ணுக்குக் கீழே மார்க்கே கிடையாது சிஸ்டர்.”

“ஒண்ணு போட மனசு வர்ல மேடம்.”

பிரவீனாவுக்குப் புரிந்தது. வரும்போதே வரவேற்பு மேசையில் மாலை போட்ட படத்தைப் பார்த்து விசாரித்திருந்தாள். முத்துச்செல்வி, இருபத்திரண்டு வயது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பக்கத்தில் வல்லம் வடகாலில் அறை எடுத்துத் தங்கியிருந்தவள். காய்ச்சலோடு நான்கு நாள் டூட்டி பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் இதே வார்டில் மயங்கி விழுந்தாள். டெங்கு. பெட்டியில் வைத்துத்தான் ஊருக்கு அனுப்பினார்கள்.

“உங்க கிட்ட லீவு கேட்டாளா சிஸ்டர்?”

“கேட்டா. ‘ரொம்ப முடியல சிஸ்டர், ஒரே ஒரு நாள் தாங்க’ன்னா. கம்பெனிலேர்ந்து மெடிக்கல் செக்கப்புக்கு ரெண்டு பஸ் ஆளுங்க வந்து எறங்கிக்கினு இருந்தாங்க. மாத்திரை போட்டுக்கினு வேலையப் பாருன்னுட்டேன்.”

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த வாரம் ஆராய்ச்சியை ஒப்படைத்தாக வேண்டும். பாவம் பார்த்தால் இரண்டு வருடம் வீணாகிவிடும்.

“கஷ்டம்தான் சிஸ்டர். இன்னைக்கு மனசு ஒடஞ்சு போயிருக்கீங்க, அதான் இப்படிப் போடறீங்க. அன்னைக்கு நிதானமா யோசிச்சுப் போட்ட மார்க்குதானே உண்மை? அதையே பார்த்து எழுதிக் குடுத்துடுங்க, போதும்.”

பழைய படிவத்தையும் புதுத் தாள் ஒன்றையும் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

செந்தாமரை பழையதைக் கையில் எடுத்தாள். முப்பது கேள்விக்கும் ஐந்தாவது கட்டத்தில் வரிசையாக டிக். பார்த்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“இத நான் போடல மேடம்.”

“பின்னே யார் போட்டது?”

“முத்துச்செல்வி. எனக்கு நேரமில்ல, நீயே டிக் போட்டு வைடின்னு அவ கையில குடுத்தேன். லீவு இல்லேன்னு சொல்லி அரை மணி நேரம்கூட ஆவல.”