மூணாவது வரிசை ஜன்னல்

இப்பல்லாம் வூட்டு விஷயத்தை ஊருக்கே காட்டிடுறாங்க. என் மக நர்மதா தனக்கு ஆட்டிசம்னு மேடையில சொல்லி, சனத்தைச் சிரிக்கவச்சு, அந்த வீடியோவை இலவசமா நெட்டுல விட்டிருக்கா.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல எனக்கு அதைப் போன்ல காட்டினா. தினமும் அதே சாப்பாடாம், அதே நிறத்துச் சட்டையாம், ஆளு மூஞ்சியப் பார்த்துப் பேச வராதாம்.

“இதுல சிரிக்க என்ன இருக்கு? எல்லாரும் அப்படித்தானே?”

“எல்லாரும் இல்லப்பா. டாக்டர் உங்களையும் ஒருதரம் கூட்டிட்டு வரச் சொன்னாரு. வாங்கப்பா.”

“எனக்கு என்ன நோவு? இது டாக்டருங்க வைத்தியத்துக்கு ஆளைப் புடிக்கிற வேலை.”

வேப்பந்தட்டை பஸ் வந்தது. மூணாவது வரிசை ஜன்னலோரம், என் சீட்டுல எவனோ உட்கார்ந்திருந்தான். நான் ஏறல.

“அப்பா, இது அஞ்சாவது பஸ். மத்த சீட்டெல்லாம் காலி.”

அவ சிரிக்கல.

எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு, வேப்பந்தட்டை ரோட்டுல நடக்க ஆரம்பிச்சேன்.