கச்சாத் தையல்

"கை வலிச்சா சொல்லுங்க டாக்டர், மிச்சத்த நான் தச்சுடறேன்." ஆபரேஷனுக்குப் போகும்போது தையல்காரர் இப்படிச் சொல்லிச் சிரித்தார். விபத்தில் நொறுங்கிய வலது காலுக்கு உள்ளே கம்பி வைத்து, தொடைச் சதையை எடுத்து ஒட்டினார்கள்.

கட்டுப் பிரித்த அன்று டாக்டர் முகம் மாறியது. "சிஸ்டர், நாம கிளிப்தானே போட்டோம்? இது என்ன நூல்?"

"நூலே எடுக்கல சார்."

தையல்காரர் எட்டிப் பார்த்தார். முழங்காலிலிருந்து கணுக்கால்வரை வெள்ளை நூல் நீள நீளமாக ஓடியிருந்தது. கடைசியில் முடிச்சில்லாமல், ஒரு தையலை மட்டும் பின்னோக்கி இழுத்து விட்டிருந்தது. அது அவருடைய கைப்பழக்கம்.

"எப்படியோ, புண்ணு நல்லா ஆறிடுச்சு" என்றார் டாக்டர். பக்கத்தில் நின்ற தையல்காரரின் மனைவி, "அப்பாடா, பெத்த வயித்துல பால வார்த்தீங்க" என்று தன் மாமியார் பாணியில் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தையல்காரர் அந்த நூலை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது கச்சாத் தையல் டாக்டர். துணி தைக்கக் குடுத்தவங்க போட்டுப் பாக்க வருவாங்கல்ல, அதுக்கு முன்னால போடறது. அளவு சரியா இருந்தாத்தான் அழுத்தித் தைப்போம்."

கட்டிலில் கிடந்த வலது கால் மெல்ல முட்டியை மடக்கியது, நீட்டியது, மறுபடி மடக்கியது. புதுக் கால்சட்டையைப் போட்டுப் பார்ப்பவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

தையல்காரர் காலை அசைக்கவே இல்லை.