நாற்பத்தாறு முறை

முப்பத்தொன்றாம் எண் பிள்ளை மறுபடியும் தோற்றிருந்தது.

மூன்றாவது வாரம். மூன்று வாரம் தொடர்ந்து தோற்றால் மெல்லக் கற்போர் பட்டியலில் பெயர் ஏறிவிடும். அந்த விதியை எழுதியவளே, திரைமுன் உட்கார்ந்திருந்த அவள்தான்.

ஏழாம் வகுப்புக்கு அவள் செய்துகொடுத்த கணினி விளையாட்டு. பேட்டரி, கம்பி, பல்பு. சுற்றைச் சரியாக மூடினால் பல்பு எரியும். திணறினால் உதவிப் பொத்தான் உண்டு. ஐந்து முறைக்கு மேல் அதை அழுத்தினால், பாடம் புரியவில்லை என்று கணினி முடிவுகட்டும். புரியாதவர்களுக்கு மட்டும் அடுத்த வாரமும் விளையாட்டு திறக்கும்.

முப்பத்தொன்று நாற்பத்தாறு முறை அழுத்தியிருந்தது.

பதிவை வரிவரியாகப் பார்த்தாள்.

முதல் நிமிடத்திலேயே பல்பு எரிந்திருக்கிறது. உதவி கேட்காமலே.

பிறகு கம்பியைக் கழற்றியிருக்கிறது. உதவி. மாட்டியிருக்கிறது. மறுபடி கழற்றியிருக்கிறது. உதவி.

பொத்தானை அழுத்தினால் ஒரு குரல் வரும்.

"பரவால்ல கண்ணு, நான் இங்கதான இருக்கேன். இன்னொரு தடவ பாப்போமா?"

அவளுடைய குரல்தான். ஒற்றை அறை வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்கப் பதிவு செய்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் வாய்விட்டுப் பேசிய நினைவில்லை. பேச ஆள் வேண்டுமே.

அறிவியல் ஆசிரியர் இன்னாசியைத் தொலைபேசியில் விசாரித்தாள். விடுதிப் பெண், பெயர் தமயந்தி, ஜூனில் சேர்ந்ததிலிருந்து யாரோடும் ஒட்டவில்லை என்றார். மக்கு என்று சொல்லவும் மனம் வரவில்லை என்றார்.

வைத்த பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேர்ச்சி போட்டால் விளையாட்டு மூடிக்கொள்ளும். போடாவிட்டால் குரல் இருக்கும். பட்டியலில் பெயரும் இருக்கும்.

புரிந்த பிள்ளைக்குப் புரியவில்லை என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை. கணினியின் முடிவை அழித்துவிட்டு முழு மதிப்பெண் போட்டாள்.

அன்று முழுக்கக் குற்றம் செய்தவள்போல் இருந்தாள்.

திங்கட்கிழமை இன்னாசியே அழைத்தார்.

"எல்லாப் புள்ளைகளும் மார்க்கப் பாத்துச் சிரிக்குதுக மேடம். இது மட்டும் அழுகுது. நீங்க ஏதும் மாத்திப் போட்டுட்டீங்களா?"

சரியாகத்தான் போட்டேன் என்றாள். கொஞ்சம் தயங்கி, ஃபோனை அந்தப் பெண்ணிடம் கொடுக்கச் சொன்னாள்.

ஃபோன் கைமாறியது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"தமயந்தி" என்று கூப்பிட்டாள் அவள்.

அதற்குமேல் என்ன சொல்வதென்று அவள் எழுதி வைத்திருக்கவில்லை.